ஏட்டறையும் வாசலும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்து சிப்காட் தொழிற்பேட்டையைக் கடக்கையில் சன்னலோரத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த நாற்றத்துக்கும் எழுத்துச் சான்று உண்டு. 2004இல் இப்பகுதி ஊர்மக்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து, எந்நாளில் எந்நேரத்தில் எத்தகைய நாற்றம் வீசியது எனக் குறித்து வைத்தனர். வாளியில் அமைந்த எளிய கருவியால் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினர். இத்தகைய குறிப்புகள் எங்கே, யார் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என எண்ணும்போதெல்லாம், அதே பேருந்து போய்ச் சேரும் தில்லையின் ஏட்டறை நினைவுக்கு வருகிறது.

திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை யாவரும் அறிந்ததே. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள், மூவரின் கைக்குறியிட்ட காப்பில் இருந்தன. மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றனர். மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து திறப்பித்தான். உள்ளே கறையான் புற்று. எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி வகுத்தார். இது வரலாறா புராணமா என்ற வாதம் இங்கு வேண்டாம். காப்பு இருந்தது, வழங்கல் இல்லை. அதனால் காப்பும் பொய்த்தது என்பதே நான் எடுத்துக்கொள்ளும் செய்தி.

நேர்மாறான ஆபத்தை யாழ்ப்பாணம் கண்டது. 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரின் ஊர் அது. அங்கே யாவருக்கும் திறந்திருந்த பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வாசல் அகலத் திறந்திருந்தது. ஆனால் பல சுவடிகளுக்கு வேறெங்கும் படி இல்லை.

இவ்விரு இழப்புகளுக்கும் விடை தேடிய முயற்சியாகவே 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்தைப் பார்க்கிறேன். ஈழத்து நூல்களை மின்வருடி, விக்கி முறையில் அமைந்த பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமும் எண்ணும் கொடுத்தார்கள். அச்சு நூலுக்கு அது போதும். ஒளிப்படம், வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவு, சுவடி, கடிதம் எனப் பொருள்கள் பெருகியபோது போதவில்லை. அவற்றுக்கென எழுந்ததே ‘ஆவணகம்’. அதன் அடித்தளம் ஐலண்டோரா.

ஐலண்டோராவின் கதையும் சுவையானது. 1997 அளவில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில் பிறந்தது ஃபெடோரா என்னும் எண்ணிமக் களஞ்சியம். (அதே பெயருடைய லினக்ஸ் வேறு, மயங்க வேண்டாம்.) 2001இல் வெளியானது துருபல் என்னும் வலைத்தள வெளியீட்டுத் தளம். முன்னது ஏட்டறை, பின்னது வாசல். இரண்டையும் பிணைக்கும் இடைகழியை 2006இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழக நூலகத்தார் கட்டத் தொடங்கினர். தீவில் பிறந்ததால் ஐலண்டோரா!

செயல்முறை இதுதான். ஓர் ஓலையின் பெரிய படக்கோப்பு களஞ்சியத்துள் செல்கிறது. அதற்கு மாறாத எண் ஒன்று விழுகிறது. மூலம் தொடப்படாமல் இருக்க, அதிலிருந்து சிறுபடமும் திரைக்கேற்ற படமும் தாமாகவே உருவாகின்றன. பொருளைப் பற்றிய குறிப்பான மீதரவும் அதே எண்ணின்கீழ் அமர்கிறது. வாசகர் வலைத்தளத்தில் தேடும்போது களஞ்சியம் முழுவதும் துழாவப்படுவதில்லை; தனியே கட்டிய சுட்டிதான் விடை சொல்கிறது. தளத்தின் தோற்றம் மாறினாலும் ஓலை தன் எண்ணோடு அப்படியே இருக்கும்.

இங்கேதான் தமிழ் படித்தவர்க்கு வேலை இருக்கிறது. தாமோதரம் பிள்ளை, தாமோதரம்பிள்ளை, சி.வை.தா. என மூவகையாக எழுதினால் கணினிக்கு மூன்று ஆட்கள். தேடுபவர் மூன்றில் ஒரு பங்கைப் பெற்று, அதுவே முழுமை என்று நம்பி எழுந்துவிடுவார். கறையானுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெயர்ப் பட்டியல் ஒன்றை முன்னரே வகுத்துக்கொள்வது நிரலாளரின் பணியன்று. சுவடிகளின் பாடபேதம் பார்த்துப் பழகிய நம்மவர் பணி.

2019இல் வந்த ஐலண்டோராவின் புதிய வடிவம் இவ்வுறவை ஓரளவு தலைகீழாக்கியது. முன்பு களஞ்சியத்தில் வாழ்ந்த மீதரவு இப்போது துருபலிலேயே எழுதப்பட்டுக் களஞ்சியத்துக்குப் படியெடுக்கப்படுகிறது. திருத்துவது எளிதாயிற்று. எனினும் குறிப்பு ஓலையோடு கட்டுண்டிருந்த பழைய முறையே எனக்கு உவப்பு. ஏட்டுச் சுவடியில் பெயர் எழுதிய நறுக்கையும் அதே கயிற்றில்தானே கோத்தார்கள். பழைய இணைப்பு நின்ற துருபல் 7க்கான ஆதரவு 2025 சனவரியில் முடிந்துவிட்டது. ஆகவே அதன்மேல் எழுந்த ஆவணகங்கள் ஒவ்வொன்றும் தம் பொருள்களை எண் மாறாமல், குறிப்பு சிதறாமல் புதிய அறைக்கு மாற்றும் வேலையை ஏற்க வேண்டியிருக்கிறது. சிப்காட் ஊர்மக்களின் நாற்றக் குறிப்புகளுக்கு இங்கே எவரேனும் களஞ்சியம் கட்ட முன்வந்தால், நாளும் நேரமும் ஊரும் எந்தக் கட்டங்களில் அமரவேண்டும் என்பதை முதலில் அம்மக்களிடமே கேட்கட்டும்.