அர்சினோயேயில் மூன்று நாட்கள்

வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில், இரண்டாம் வசனத்திலிருந்து ஏழாம் வசனம் முடிய, ஆயிரம் வருஷம் என்ற பேச்சு ஆறு தடவை வருகிறது. கிறிஸ்துவின் ஆட்சிக்கு இப்படி ஒரு கால அளவு பைபிளில் வேறெங்கும் இல்லை. இந்த ஆறு வசனங்களை எப்படி வாசிப்பது என்பதில் கிறிஸ்தவர்கள் ஆதி நூற்றாண்டுகளிலிருந்தே பிரிந்து நிற்கிறார்கள். அவர் முதலில் வருவார், பிறகு பூமியில் ஆயிரம் வருஷம் ஆள்வார் என்பது ஒரு கட்சி. சுவிசேஷம் பரவி உலகம் திருந்தும், அந்தப் பொற்காலத்தின் முடிவில்தான் வருவார் என்பது இன்னொன்று. ஆயிரம் என்பது எண்ணே அல்ல, சபையின் காலம் முழுவதற்குமான குறியீடு என்பது மூன்றாவது. அகஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டில் ‘கடவுளின் நகரம்’ நூலின் இருபதாம் புத்தகத்தில் இந்த மூன்றாவதை நிலைநிறுத்தினார். தாமும் ஒரு காலத்தில் முதல் கட்சிக்காரர்தான் என்று அங்கேயே சொல்லியும் விடுகிறார். மேற்கில் விவகாரம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1844 அக்டோபர் 22ஆம் தேதி அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அவர்களில் சிலர் விளைந்த பயிரை எடுக்காமல் வயலிலேயே விட்டிருந்தார்கள்.

எனக்கு அகஸ்தீனையும் மில்லரையும்விட முக்கியமாகப்படுவது, அகஸ்தீனுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னால் எகிப்தில் நடந்த ஒரு இலக்கிய விவாதம். இலக்கிய விவாதம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

நேபோஸ் என்று ஒரு எகிப்திய பிஷப். தீர்க்கதரிசனங்களை உருவகமாக்கிக் கரைத்துவிடுகிறவர்களை மறுத்து ஒரு புத்தகம் எழுதினார். ஆயிரம் வருஷம் என்றால் ஆயிரம் வருஷம். இந்த மண்ணில், இந்த உடம்போடு, உண்டு மகிழ்ந்து. அவர் இறந்த பிறகும் அர்சினோயே பகுதிக் கிராமங்களில் புத்தகம் வாழ்ந்தது. முழுச் சபைகளே பிரிந்து போயின. அப்போது அலெக்ஸாந்திரியாவின் பிஷப் தியோனீசியஸ். ஒரு கடிதத்தில் தடை விதித்திருக்கலாம். ஸ்தாபனங்கள் அப்படித்தான் செய்யும். அவர் கிராமங்களுக்குப் போனார். மூப்பர்களையும் போதகர்களையும் பொதுஜனங்களையும் கூட்டி, நேபோஸின் புத்தகத்தை நடுவில் வைத்து, காலையிலிருந்து மாலைவரை மூன்று நாள் உட்கார்ந்தார். கேள்விகள் ஒழுங்காக வந்தன, சொன்னதையே பிடித்துக்கொண்டு யாரும் மல்லுக்கு நிற்கவில்லை என்று எதிர்த்தரப்பையே மெச்சி எழுதுகிறார். கடைசியில் கொராகியோன் என்ற அவர்களுடைய தலைவர், இனி இதைப் போதிக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு தியோனீசியஸ் எழுதிய நூலில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது. யோவான் சுவிசேஷத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் அருகருகே வைத்து நடையைப் பார்க்கிறார். சுவிசேஷக்காரர் தம் பெயரை எங்கும் சொல்வதில்லை. இவரோ திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒளி, ஜீவன், சத்தியம் என்று அங்கே ஓயாமல் புழங்கும் சொற்களின் சுவடு இங்கே இல்லை. அங்கே கிரேக்கம் சுத்தம். இங்கே இலக்கணப் பிழைகள், நாகரிகமற்ற பிரயோகங்கள். ஆகவே இரண்டையும் எழுதியது ஒரே கை அல்ல. இன்றைய ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர் வந்து நிற்கும் முடிவு இது. அதைச் சொற்களை வைத்தே ஒருவர் மூன்றாம் நூற்றாண்டில் கண்டிருக்கிறார். அதைவிடப் பெரிய காரியம், புத்தகத்தைத் தூக்கி எறிய அவர் மறுத்தது. அதிகாரம் அதிகாரமாக அர்த்தமில்லை என்று தள்ளியவர்கள் அவருக்கு முன்பே இருந்தார்கள். எனக்குப் புரியவில்லை, அதனால் அது என் அளவுக்கு மேற்பட்டது என்று எடுத்துக்கொள்கிறேன் என்ற தோரணையில் அவர் நின்றுகொள்கிறார். இந்த நிதானம் நம் விமர்சகர்களிடம் நான் அதிகம் காணாதது.

ஆனால் இவ்வளவும் வென்றவரின் வாக்குமூலம். நேபோஸின் புத்தகம் கிடைக்கவில்லை. தியோனீசியஸின் நூலும் யூசேபியஸ் தம் சபைச் சரித்திரத்தில் எடுத்துப் போட்ட பகுதிகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. யூசேபியஸுக்கோ ஆயிர வருஷக்காரர்கள் என்றாலே இளக்காரம். கொராகியோன் உண்மையிலேயே தெளிந்தாரா, தலைநகரத்து பிஷப்பின் முன் வாயடைத்துப் போனாரா என்பதை அந்தப் பக்கங்களிலிருந்து தீர்மானிக்க வழியில்லை.

அந்த மூன்று நாட்களில் நடைபற்றிய வாதம் எட்டாத ஒன்றும் இருந்திருக்க வேண்டும். அர்சினோயே என்பது இன்றைய ஃபயூம். 250இல் சக்கரவர்த்தி டெசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டான். பாப்பிரஸில் எழுதிய அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை இந்தப் பகுதியிலிருந்துதான். பெயர், தகப்பன் பெயர், கிராமம், சிலவற்றில் வயது, புருவத்துத் தழும்பு. நான் எப்போதும் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன் என்ற வாசகம். கீழே அதிகாரிகள் கையெழுத்து. பகலெல்லாம் படிவங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம் எனக்கு. எழுதினவனின் அலுப்பு கூடப் பழக்கமானதாகத் தெரிகிறது. வாங்கியவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்லர். முதலைக் கடவுளின் பூசாரிணி ஒருத்திக்கும் சான்றிதழ் தேவைப்பட்டிருக்கிறது. தியோனீசியஸே அந்த வருஷம் அலெக்ஸாந்திரியாவிலிருந்து தப்பி ஓட வேண்டிவந்தது.

மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவோ விற்கவோ முடியாது என்ற பதின்மூன்றாம் அதிகாரத்தை இப்படியொரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கிறவனிடம் போய், இது குறியீடு என்று சொல்வது எப்படி? குறியீடு என்பது சரியான வாசிப்பாகவே இருக்கலாம். எனக்கும் அதுதான் சம்மதம். ஆனால் அந்தக் கிராமத்தான் கேட்டது வியாக்கியானம் அல்ல, விருந்து. பசித்த உடம்புக்கு, பட்ட அவமானத்துக்கு ஈடாக ஆயிரம் வருஷம். அகஸ்தீன் அதை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சபையின் காலமாக மாற்றியபோது, பாக்கி தீர்ந்துவிட்டதாகக் கணக்கு எழுதப்பட்டது. மில்லரின் ஆட்கள் வயலை விட்டுவிட்டு நின்றது, அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாததால்தான்.

கிழக்கில் வேறு மாதிரி ஆயிற்று. 367இல் அத்தனாசியஸ் தம் பட்டியலில் வெளிப்படுத்தின விசேஷத்தைச் சேர்த்தார். ஆனாலும் கிரேக்க வைதீக சபையின் வழிபாட்டு வாசகங்களில் அதற்கு இன்றுவரை இடமில்லை. புத்தகம் இருக்கிறது, அங்கே உரக்க வாசிப்பதில்லை.

நேபோஸ் பாடல்களும் எழுதியிருந்தார். அவற்றால் சகோதரர்கள் பலர் இன்னும் ஆறுதல் அடைகிறார்கள் என்று, அவரை மறுக்க உட்கார்ந்த இடத்திலேயே, தியோனீசியஸ் குறிப்பிடுகிறார்.