கெட்டமின்: போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் போன வாரம் போனில், "மாமா, மனச்சோர்வுக்கு டாக்டர் கெட்டமின் எழுதித் தந்திருக்கார். வீட்டிலேயே நாக்குக்கு அடியில வச்சுக்கறேன்" என்றான். பிரெஞ்சுப் பள்ளி நாளிலிருந்தே புதுச் சொல் கிடைத்தால் அதன் பூர்வீகத்தைத் தேடுவது என் வழக்கம். தேடினேன்.

1962-ல் பார்க்-டேவிஸ் கம்பெனிக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கிய மயக்க மருந்து அது. 1964-ல் மிச்சிகன் சிறைக் கைதிகளிடம் சோதித்தார்கள். 1970-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. வியட்நாம் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் பயன்பட்டது. 2000-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு, மனச்சோர்வுக்கும் உதவலாம் என்றது.

2019-ல் அதன் உறவான எஸ்கெட்டமின் மூக்கு ஸ்பிரேக்கு அனுமதி கிடைத்தபோது, மருத்துவர் இடத்திலேயே எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 2020-ல் கொரோனா வந்து விதிகள் தளர்ந்தன. கெட்டமின் வீடு தேடி வந்தது. கண்காணிப்பு கூட வரவில்லை. 2023 அக்டோபரில் அந்நாட்டு மருந்துத் துறையே இதை எச்சரித்தது.

"பக்கத்தில் யார் இருக்காங்க?" என்றேன். "யாருமில்லை மாமா, தனியாத்தான்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ரத்த அழுத்தம் பார்க்காமல் எடுக்காதே. உன் மனைவி பக்கத்தில் விழித்திருக்கட்டும். மது கூடாது. மறுநாள் வரை கார் ஓட்டாதே. எழுதிய அளவைத் தாண்டாதே. குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வை. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்" என்றேன். சரி என்றான்.

ஆயுள் முழுதும் கோப்பு பார்த்தவன் நான். எந்த அனுமதிக்கும் கீழே நிபந்தனைகள் உண்டு. அவற்றையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும்.