வெயில் அடுப்பும் பகல் சாப்பாடும்

விறகைக் குறைக்க வெயிலில் சமைக்கலாம் என்பது நேற்று வந்த யோசனை அல்ல. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அகுஸ்தேன் முஷோ என்ற பெயரில் எனக்குத் தனிப் பிரியம். கணித ஆசிரியரான அவர் சூரிய வெப்பத்தைப் பற்றி 1869-லேயே புத்தகம் போட்டார். 1878-இல் பாரிஸ் கண்காட்சியில் வெயிலைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டினார்.

அதே காலத்தில் நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். பம்பாய் உயர் நீதிமன்றத்துத் துணைப் பதிவாளர் வில்லியம் ஆடம்ஸ். நம்மைப் போல ஆபீஸ் உத்தியோகஸ்தர்தான். எட்டுக் கண்ணாடிகளைக் கூம்பாகச் சேர்த்து, ஏழு சிப்பாய்களுக்கான சாப்பாட்டை இரண்டு மணி நேரத்தில் வெயிலிலேயே சமைத்தார்.

1950-களில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் ஒரு சூரிய அடுப்பை உருவாக்கியது. விற்பனைக்கும் வந்தது, வாங்குவார் இல்லை. 1980-களில் அரசு மானியத்தோடு பெட்டி அடுப்பு வந்தது. உள்ளே கருப்புப் பூச்சு, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியில் முகம் பார்க்கும் கண்ணாடி. சோறும் பருப்பும் நன்றாகவே வேகும். ஆனால் தாளிக்க முடியாது, தோசை வார்க்க முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். எங்கள் வெள்ளானூர்ப் பக்கத்துக் கிராமங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கூலி வேலைக்குப் போகிற பெண் விடியற்காலையில் உலை வைப்பாள், இருட்டிய பிறகு மறுபடி அடுப்பு மூட்டுவாள். வெயில் உச்சியில் நிற்கும்போது அவள் வீட்டிலேயே இருக்கமாட்டாள். பெட்டியை யார் திருப்பி வைப்பது? வேலிக்காத்தான் சுள்ளியோ காசில்லாமல் கிடைத்தது. அதற்கு விலையாகக் கண்ணும் நெஞ்சும் புகையைத் தின்றன.

பலர் கூடிப் பகலில் சாப்பிடும் இடங்களில் மட்டும் வெயில் ஜெயித்தது. ஆரோவில்லில் 15 மீட்டர் அகலமுள்ள கண்ணாடிக் கிண்ணம் சமையற்கூடத்தின் கூரையில் நின்று நீராவி தந்தது. திருமலை அன்னதானத்துக்காக 2002-இல் 106 சூரிய வட்டில்களை நிறுவினார்கள். இரண்டு இடத்திலும் சமைப்பவர்கள் சம்பளத்துக்கு இருப்பவர்கள், பந்தியும் பகலில். ஆடம்ஸ் சிப்பாய்களுக்குச் சமைத்துக் காட்டியதிலும் இதே கணக்குதான்.

அப்படிப் பார்த்தால் நம் மாநிலத்திலேயே பொருத்தமான இடம் ஒன்று இருந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு. ஊருக்கு ஊர் ஒரு கூடம், மதியச் சாப்பாடு, சமைக்க ஓர் ஆயா. சோறும் சாம்பாரும்தான், தோசை கிடையாது. பெட்டி அடுப்புக்கு மானியம் தந்த அதே பத்தாண்டு அது. ஆனால் வெயிலை வீடு வீடாக அனுப்பினோம். சத்துணவுக் கூடத்துக்கோ விறகை அனுப்பினோம். இரண்டு கோப்புகளும் ஒரே மேஜைக்கு வந்திருந்தால் எத்தனையோ ஆயாக்களின் கண்கள் பிழைத்திருக்கும்.

கடைசியில் வீட்டு விறகைக் குறைத்தது கேஸ் அடுப்புதான். சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் சுள்ளிக் கட்டு மறுபடி தலையில் ஏறுகிறது. உச்சி வெயிலோ எங்கள் ஊரில் இன்னும் இலவசமாகத்தான் கொட்டுகிறது.