அத்தா அம்மாவை இல்லத்தில் சேர்க்கும் முன் நாம் பார்க்க வேண்டியவை

"ஹஜ்ரத், அம்மாவை ஹோம்ல சேர்க்கலாமுங்களா? மார்க்கத்துல கூடுமுங்களா?"

காங்கேயம் வட்டாரத்தில் ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஓரமாக நின்று தயங்கித் தயங்கி இப்படிக் கேட்பவர்கள் சில ஆண்டுகளாக அதிகமாகி வருகிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் பெற்றோரை வெறுப்பவர் அல்லர். விடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏற வேண்டியவராக இருப்பார். அல்லது வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்தவராக இருப்பார். வீட்டில் பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அம்மா. தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். இருப்பதோ மனைவி ஒருவர் மட்டும்.

முதுமை அடைந்த பெற்றோரிடம் சலிப்பாக ஒரு சிறு சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது என்பது பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-வது வசனம் நமக்கு இடும் கட்டளை. எனவே வீட்டில் வைத்துப் பார்க்க முடிந்தவர் வீட்டில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் தர முடியாத செவிலியர் கவனிப்பு தேவைப்படும்போது அதற்கு ஏற்பாடு செய்வது, பெற்றோரைக் கைவிடுவது ஆகாது. கொண்டுபோய் விட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் கைவிடுவது.

"கூடுமா" என்று கேட்கிறவர்கள், "அந்த இடம் எப்படிப்பட்டது, அதை எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

குண்டலப்புலியூர் தரும் பாடம்

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிவந்த அன்பு ஜோதி ஆசிரமம் தமிழகம் முழுவதும் செய்தியானது. ஆதரவற்றோர், முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர் என 140-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். முறையான அனுமதி இல்லாமல் இல்லம் நடந்தது தெரியவந்தது. அங்கிருந்தவர்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டதாகவும், பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகவும் புகார்கள் எழுந்தன. நடத்தியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது.

இத்தனையும் வெளிவரக் காரணம் ஒரு முஸ்லிம் முதியவரைத் தேடி அவருடைய உறவினர்கள் வந்ததுதான். வெளிநாட்டில் வாழும் உறவினர், நண்பர் ஒருவர் மூலம் 2021 டிசம்பரில் அவரை அங்கே சேர்த்திருந்தார். பிறகு பார்க்க வந்தபோது, அவரைப் பெங்களூரில் உள்ள வேறோர் இல்லத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே போய்த் தேடினால் ஆள் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. அதற்குப் பிறகே போலீஸாரும் அதிகாரிகளும் அந்தக் கதவுக்குள் நுழைந்தார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை நாம் மனதில் பதிய வைக்க வேண்டும். தொலைபேசியில் விசாரித்து, வேறொருவர் கையில் ஒப்படைத்துச் சேர்ப்பது ஆபத்தானது. அதே சமயம், "எங்கள் ஆள் எங்கே" என்று விடாமல் கேட்ட ஒரு குடும்பத்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். அரசு ஆய்வு அவசியம்தான். ஆனால் முதல் ஆய்வாளர் குடும்பமே.

ஏர்வாடியை மறக்கலாமா?

நம் சமுதாயம் மறக்கக் கூடாத இன்னொரு நாள் 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டதும் குணமாக வேண்டும் என்று ஆசைப்பட்ட குடும்பங்கள்தான்.

உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை விசாரித்தது. இன்று நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஓர் இல்லத்தில் கட்டிலோடு சேர்த்து யாரையாவது கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால், "அவர் ஓடிவிடுவார்", "விழுந்துவிடுவார்" என்ற சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு நாம் திரும்பிவிடக் கூடாது.

முதலில் காகிதம்

'ஹோம்' என்ற ஒரே சொல்லால் பலவகை இடங்களைக் குறிக்கிறோம். தானாக நடமாடும் முதியோர் தங்கும் இல்லம் ஒரு வகை. படுத்த படுக்கையானவர்களுக்குச் செவிலியர் வைத்துப் பார்க்கும் பராமரிப்பு மையம் இன்னொன்று. மனநலக் காப்பகம் வேறு. கோவை சுற்று வட்டாரத்தில் பெருகியிருக்கும், பணம் கட்டி வீடு எடுத்துத் தங்கும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் முற்றிலும் வேறு. நம் அம்மாவுக்கு எது தேவை என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு தேட வேண்டும்.

முதியோர் இல்லம் என்றால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் கீழ்ப் பதிவு பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதை விசாரிக்கலாம். காங்கேயத்தினருக்கு அது திருப்பூர். மனநலம் பாதித்தவர்களைச் சேர்க்கும் இடம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். டிரஸ்ட் பதிவுப் பத்திரத்தைக் காட்டி, "எல்லாம் ரிஜிஸ்டர் பண்ணியாச்சு" என்பார்கள். டிரஸ்ட் பதிவு என்பது அறக்கட்டளை தொடங்கியதற்கான பத்திரம். இல்லம் நடத்துவதற்கான அனுமதி அல்ல. சான்றிதழில் காலாவதித் தேதி இருந்தால் அதையும் பாருங்கள்.

கண்ணாலும் மூக்காலும் பார்க்க வேண்டியவை

ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொரு முறை சொல்லாமல் போங்கள். இரண்டாவது முறை சாப்பாட்டு நேரத்திலோ மஃரிபுக்குப் பிறகோ போவது நல்லது. அலுவலக அறையில் உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கடைசிக் கட்டில்வரை நடந்து பாருங்கள்.

வாடை: அறைக்குள் நுழைந்ததும் சிறுநீர் வாடை நிலையாக வீசினால் துணி மாற்ற ஆள் போதவில்லை என்று பொருள்.

குளியலறை: தரை வழுக்குகிறதா? சுவரில் பிடிமானக் கம்பி உண்டா? சக்கர நாற்காலி உள்ளே போகுமா? முதியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து இங்கே உண்டு.

கட்டில்: அழைக்க மணி உண்டா? தண்ணீர் கைக்கு எட்டுகிறதா? நான்கு பேர் தங்கும் அறையில் எட்டுக் கட்டில் போடப்பட்டிருக்கிறதா?

தீ: வெளியேற எத்தனை வழி? அவை பூட்டியிருக்கின்றனவா? சாவி யாரிடம்? தீயணைப்புக் கருவியில் காலாவதித் தேதி என்ன? நடக்க முடியாதவர்களை மாடியில் வைத்திருந்தால் எப்படி இறக்குவார்கள்?

சமையலறை: சர்க்கரை நோயாளிக்குத் தனி உணவு உண்டா? மெல்ல முடியாதவருக்கு மசித்துத் தருகிறார்களா? ஊட்டிவிட ஆள் இருக்கிறதா, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களா?

முகங்கள்: அங்கே இருப்பவர்களுக்கு ஸலாமோ வணக்கமோ சொல்லி, பக்கத்தில் அமர்ந்து பேசுங்கள். பதில் சொல்லும் முன் ஊழியரின் முகத்தைப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பட்டப்பகலில் எல்லோரும் தூங்கிக்கொண்டே இருந்தால், தூக்க மருந்து யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இரவில் எத்தனை பேர்?

பகலில் எந்த இல்லமும் நன்றாகத்தான் தெரியும். இரவுப் பணியில் எத்தனை பேர், அதில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர், பெண்கள் பிரிவில் இரவில் பெண் ஊழியர் இருக்கிறாரா என்று தனித்தனியாகக் கேளுங்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறல் வந்தால் யாரை அழைப்பார்கள், 108 வர எவ்வளவு நேரமாகும், எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்பதற்கு உடனே பதில் வர வேண்டும்.

படுக்கைப் புண்ணும் மருந்துச் சீட்டும்

அசைய முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்க வைப்பது பொதுவான மருத்துவ நடைமுறை. திருப்பாவிட்டால் இடுப்பு, குதிகால், முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் புண் வரும். முதலில் தோல் சிவக்கும். பிறகு எலும்புவரை போகும். எனவே, திருப்பிய நேரத்தை எழுதும் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மருந்து யாருக்கு, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று கையெழுத்தோடு பதிவேடு இருக்க வேண்டும். எல்லோருடைய மாத்திரைகளும் ஒரே டப்பாவில் கிடந்தால் அங்கே சேர்க்க வேண்டாம். சேர்த்த பிறகு மாதம் ஒரு முறை எடை பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் எடை குறைந்துகொண்டே போனால், ஒன்று நோய், இல்லையென்றால் பட்டினி.

இபாதத்தும் ஜனாஸாவும்

நாம் சிலர் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறோம். கேளுங்கள், நல்ல இல்லங்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. உணவு ஹலாலா, அது முடியாவிட்டால் சைவம் தர முடியுமா? ஒளு செய்ய உதவுவார்களா? கிப்லா எந்தப் பக்கம் என்று கட்டிலருகே ஒரு குறி வைக்கலாமா? பெண்களைக் குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் பெண்கள்தானா? ரமளானில் இன்சுலின் போடுபவர் நோன்பு வைக்கிறேன் என்று அடம் பிடித்தால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை உள்ளூர் இமாம் போய் எடுத்துச் சொல்ல அனுமதி உண்டா?

எல்லாவற்றிலும் முக்கியமானது மவுத்து. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரின் ஜனாஸாவுக்காக ஓர் இல்லத்துக்குப் போயிருந்தோம். ஃபஜ்ருக்கு முன்பே உயிர் பிரிந்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொன்னது அஸருக்குப் பிறகு. "நம்பர் கிடைக்கல" என்றார்கள். சேர்க்கும்போது கொடுத்த எண்ணை மகன் மாற்றியிருந்தார், இல்லத்துக்குத் தெரிவிக்கவில்லை. தவறு இரண்டு பக்கமும் இருந்தது. இரண்டு குடும்ப எண்களோடு உள்ளூர் ஜமாஅத்தின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். உடலை எங்கும் கொண்டுபோகும் முன் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேருங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அமானிதமாகப் பெற்றோரையே ஒப்படைக்கும்போது எழுதாமல் விடலாமா? இவை ஒப்பந்தத்தில் இருக்கட்டும்:

மாதக் கட்டணம் எவ்வளவு, அதில் அடங்காத செலவுகள் எவை.
முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பக் கிடைக்கும்.
குடும்பத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வேறு இல்லத்துக்கு மாற்றக் கூடாது.
விழுந்தாலோ, காயம் பட்டாலோ, மருத்துவமனைக்குப் போனாலோ அன்றே தெரிவிக்க வேண்டும்.
எந்த நேரமும் வந்து பார்க்கும் உரிமை.
உடைமை, நகை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பட்டியல்.

வெற்றுத் தாளிலும் சொத்துப் பத்திரத்திலும் முதியவரிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்க அனுமதிக்காதீர்கள். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால், சேர்வதற்கு அவருடைய சம்மதத்தையும் கேளுங்கள். அதைக் கேட்காமல் சேர்ப்பது முறையல்ல.

சேர்த்த பிறகுதான் உண்மையான ஆய்வு

வாரம் ஒரு முறையாவது ஒருவர் நேரில் போக வேண்டும். அண்ணன் தம்பிகள் முறை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் வீடியோ அழைப்போடு நிறுத்திக்கொள்ளாமல், ஊரில் நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள். போகும்போது முதுகையும் குதிகாலையும் பாருங்கள், நகத்தைப் பாருங்கள், நாக்கு வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். காயத்துக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் சொன்னால் தேதியோடு குறித்து வையுங்கள்.

குறை இருந்தால் முதலில் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். சரியாகாவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலர், மாவட்ட ஆட்சியர் என்று மேலே போகலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. அடி உதை, அத்துமீறல் என்றால் காத்திருக்காமல் காவல் நிலையம் செல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு நினைவூட்டல். மேலே சொன்ன 2007-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுப் பெற்றோர் வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். காங்கேயத்தினர் தாராபுரம் கோட்டத்தை அணுக வேண்டும். மூத்த குடிமகனைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் அவரை எங்காவது விட்டுக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு.

ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். நம் மஹல்லாவிலிருந்து யார் யார் எந்த இல்லத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு நாள், இமாமும் இரண்டு இளைஞர்களும், பெண்களைப் பார்க்க ஒரு சகோதரியும் போய்வர ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளை இல்லாத முதியவருக்கும் வாசலில் கேட்க ஆள் உண்டு என்று தெரிந்தால், உள்ளே அவர்மேல் கை ஓங்க யாரும் யோசிப்பார்கள்.

நம் பெற்றோரின் முதுமையில் அவர்களுக்குக் கண்ணியத்தையும், நம் முதுமையில் நம்மைத் தேடி வரும் பிள்ளைகளையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.