வீடு வரை வரும் கம்பி

ஒரு தொலைபேசி இணைப்பின் விலை என்ன? மாதக் கட்டணத்தைக் கேட்கவில்லை. இணைப்பகத்திலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை ஒரு சோடிச் செம்புக் கம்பியைக் கொண்டுவந்து சேர்க்க ஆகும் முதலீட்டைக் கேட்கிறேன். 1990களின் நடுவில் நம் நாட்டில் அது சுமார் 30,000 ரூபாய். வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டினால், ஆண்டுதோறும் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10,000 ரூபாயாவது அந்த இணைப்பிலிருந்து திரும்பி வந்தாக வேண்டும். அந்நாளில் எத்தனை குடும்பங்களுக்கு அது இயன்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கணிப்பொறியின் விலை இறங்கிக்கொண்டே வந்தபோது இது மட்டும் ஏன் இறங்கவில்லை? மின்னணுச் சில்லுகள் மலிவாகும். செம்பும், பள்ளம் தோண்டும் கூலியும் மலிவாவதில்லை. அதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சோடி வேண்டும். நாளில் அரைமணி நேரம் பேசுகிற வீட்டின் கம்பி மீதி இருபத்து மூன்றரை மணி நேரமும் சும்மா கிடக்கும்.

இந்தச் சிக்கலைச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும் கையிலெடுத்தனர். இணைப்பின் விலையை 10,000 ரூபாய் அளவுக்கு இறக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. மைடாஸ், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் ஆகிய நிறுவனங்களுடன் சேர்ந்து 1990களின் பிற்பகுதியில் அவர்கள் உருவாக்கிய கம்பியில்லா அமைப்பின் பெயர் 'கார்டெக்ட்'. ஐரோப்பாவில் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பேசுவதற்காக வகுத்த 'டெக்ட்' என்ற தரமுறைதான் இதற்கு அடிப்படை. சுவருக்குச் சுவர் பேச வந்ததை, நேர்ப்பார்வையில் 10 கி.மீ. தூரம் பேச வைத்ததில்தான் நம்மவர்களின் திறமை இருந்தது எனலாம்.

அது இயங்கும் விதம் பாடப்புத்தகத்தில் சேர்க்கத்தக்கது. 1880 முதல் 1900 மெகா ஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையில் நொடியின் நூறில் ஒரு பங்கை எடுத்து, அதை 24 சிறு துண்டுகளாக்குகிறார்கள். 12 துண்டுகள் போவதற்கு, 12 வருவதற்கு. ஒரு கோபுரத்து நிலையத்தில் இவ்வாறு ஒரே சமயத்தில் 12 பேர் பேசலாம். பேசுகிறவருக்குத் தம் குரல் துண்டாடப்படுவது தெரியவே தெரியாது.

பன்னிரண்டு வழிகளை வைத்துக்கொண்டு ஐம்பது வீடுகளுக்கு எப்படி இணைப்புத் தருவது? இதற்கான கணக்கை டென்மார்க் நாட்டு அறிஞர் எர்லாங், கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தபோதே போட்டுவிட்டார். அவருடைய முதற்கட்டுரை 1909இல் வெளிவந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவதில்லை. எனவே சில வழிகளைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். சலூனில் நாற்காலி இரண்டே இருந்தாலும் ஊருக்கே முடிவெட்ட முடிகிறதல்லவா, அதே கதைதான்.

ஆனால் எர்லாங்கின் கணக்கு சில நிமிடப் பேச்சுக்கானது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை வரை எழுந்திருக்க மாட்டார்! கார்டெக்ட், தொலைபேசியோடு இணையத்தையும் தந்தது: பேசிக்கொண்டிருக்கும்போது நொடிக்கு 35 கிலோபிட், பேசாதபோது 70. கடிதமும் கணக்கேடும் அனுப்ப அது போதும். பன்னிரண்டு பேர் நாள் முழுவதும் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் பதின்மூன்றாமவருக்கு வழியில்லை என்பதுதான் தொல்லை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் 2001 முதல் இந்தக் கருவியைக்கொண்டு ஊருக்கு ஒன்றாக இணைய மையங்களைத் திறந்தார்கள்; அரவிந்த் கண் மருத்துவமனை அம்மையங்கள் வழியாக நோயாளிகளுக்கு ஆலோசனையும் சொன்னது. 2007இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவோடு தொடங்கிய டெசிக்ரூ நிறுவனம், திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடியில் அலுவலகம் திறந்து, பட்டணத்துக் கணிப்பொறி வேலையை உள்ளூர் இளைஞர்களுக்குக் கொடுத்தது. வீட்டுக்குள் அல்ல, வீட்டுக்கு அருகில். ஒரு நல்ல இணைப்பைப் பலர் ஒரே கூரையின்கீழ் பகிர்ந்துகொள்வதுதான் அன்றைய நிலையில் கட்டுபடியாகும் வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

கார்டெக்ட் மடகாஸ்கர், பிஜி வரை சென்றது. எனினும் அதை வீழ்த்தியது செம்புக் கம்பி அன்று, கைப்பேசி. அந்தக் கைப்பேசிகளை இலட்சக்கணக்கில் செய்து குவித்த தொழிற்சாலை, கார்டெக்ட் பிறந்த இடத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது. நோக்கியா நிறுவனம் 2006இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. உலகெங்கும் ஒரே வகைக் கருவி கோடிக்கணக்கில் விற்றபோது சில்லின் விலை சரிந்தது. சில ஊர்களுக்கென்று செய்த அமைப்பு அதனோடு எப்படிப் போட்டியிடும்? அந்த நோக்கியா ஆலையும் 2014 நவம்பரில் மூடப்பட்டது வேறு கதை.

2020இல் ஊரடங்கு வந்தபோது நான் வீட்டிலிருந்து இயற்பியல் வகுப்பு நடத்தினேன். என் வீட்டுக்கு வந்தது பழைய செம்புக் கம்பிதான். குரலலை 4 கிலோ ஹெர்ட்ஸுக்குள் அடங்குவதால் பல கி.மீ. கடந்தும் கேட்கும், அதே கம்பியில் செல்லும் அகலக்கற்றை அலை ஏறக்குறைய 1,100 கிலோ ஹெர்ட்ஸ் வரை போவதால் தொலைவு கூடக்கூட விரைவில் தேய்ந்துவிடும். இணைப்பகத்திலிருந்து தள்ளி இருந்த எனக்குப் படம் உறைந்து உறைந்து வந்தது. ஒரகடத்தைத் தாண்டிய சிற்றூர் மாணவர் ஒருவர் மாடியில் நின்று கைப்பேசியில் பாடம் கேட்டார்.

இன்று ஒளியிழை தெருவுக்கு வந்துவிட்ட இடங்களில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அதுவே சிறந்தது. அதுவும் தனிக் கம்பி அன்று; இணைப்பகத்திலிருந்து வரும் ஓர் இழையின் ஒளியைப் பிரித்து 32 வீடுகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். வழி மிக அகலமாக இருப்பதால் பகிர்வது தெரிவதில்லை. ஒளியிழை வராத தெருக்களில் கைப்பேசிக் கோபுரமே துணை. என் மாணவர் இப்போது பகுதிநேரமாக வீட்டிலிருந்தே ஓர் உதிரிபாகக் கம்பெனிக்கு வரைபடம் போட்டுத் தருகிறார். ஷிப்ட் முடிந்து பேருந்துகள் வந்து, சுற்றியுள்ள விடுதிகளில் தொழிலாளர்கள் வீட்டாரோடு பேசத் தொடங்கும் நேரத்தில் அவர் கோப்புகளை அனுப்புவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அனுப்புகிறார்.