முகம் துடித்தால் பழி யாருக்கு?

கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. பாறையில் மோதிச் சிதறும் காவிரி புகையென எழுவதால் வந்த பெயர் ஒகேனக்கல். ஆடிப் பதினெட்டில் அங்கே திரள்வோர் புதுப்புனல் காண மட்டுமா வருகின்றனர்? நோய் தீர வருவோரும் உளர். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் ஆகாத உடம்பும் ஆகும் என்பது அவர்தம் நம்பிக்கை.

அவர்களிடையே, வளர்ந்த மகனை அழைத்துவரும் ஓர் அன்னையை எண்ணிப் பார்ப்போம். ஏழு வயதில் கண் சிமிட்டத் தொடங்கினான், பின் மூக்குச் சுளித்தது, வாய் கோணியது. வளர்ந்தால் போய்விடும் என்றனர். வளர்ந்தான், போகவில்லை. எண்ணெயும் நீரும் உடலுக்கு இதம் தரும், மறுப்பாரில்லை. அவள் தேடுவதோ இதமன்று, விடை! ‘நான் செய்த பிழை யாது?’ என்கிறாள். அந்தக் கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு.

இதே காவிரி கடல் சேரும் புகாரில், இந்திரவிழா நாளில், கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்தன என்கிறது சிலப்பதிகாரம். துடிப்பு வருவதை உரைக்கும் என்று நம் முன்னோர் கொண்டனர். காப்பியத்தில் அது அழகு. நாள் முழுதும் இரு கண்ணும் துடிக்கும் பிள்ளைக்கு அந்தச் சாத்திரம் என்ன பலன் கூறும்? கோடங்கியிடம் அனுப்பும், வேப்பிலையால் அடிக்கும், தாயத்துக் கட்டும்!

மேனாடு மட்டும் மேலாக நடந்ததா? 1825-இல் பிரெஞ்சு மருத்துவர் இத்தார் ஒரு சீமாட்டியின் துடிப்பைப் பதிவு செய்தார். அவளுக்கும் ஏழு வயதில்தான் தொடங்கியது. செல்வமிருந்தும் ஒதுங்கியே வாழ்ந்தாள். 1885-இல் கில் தெ லா தூரெத், அவளையும் சேர்த்து ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். துடிப்போடு அடக்கவொண்ணா ஒலியும் சேர்ந்து நீடிக்கும் வகைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. ஆயினும் 1921-இல் உளப்பகுப்பாளர் பெரென்சி, எல்லாம் உள்ளத்தில் அடங்கிய இச்சையின் வேலை என்றார். பேய் போயிற்று, மனம் வந்தது; பழி மட்டும் போகவில்லை.

1961-இல் பிரான்சில் ஹாலோபெரிடால் என்னும் மருந்துக்குத் துடிப்பு பணிந்தது. 1968-இல் அமெரிக்காவின் ஷாப்பிரோ இணையர், 24 வயதுப் பெண்ணொருத்திக்கு அதே மருந்தால் கிடைத்த பயனை வெளியிட்டனர். மருந்துக்கு அடங்குவது மூளையின் கோளாறன்றி வளர்ப்பின் குறையாகுமா? 1972-இல் நியூயார்க்கில் சில குடும்பங்கள் கூடிச் சங்கம் கண்டன. பழியைச் சுமந்து பழகிய பெற்றோர் பழியை மறுத்து எழுந்தனர். மருத்துவ வரலாற்றில் அது சிறு செய்தி; நமக்கோ அதுதான் பெரிது.

மரபுவழியும் மூளையின் இயக்கமும் சேர்ந்து விளைவது இது என்பது இன்றைய அறிவு. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதில் தோன்றி, பத்து பன்னிரண்டில் மிகுந்து, பலருக்குத் தணியும், சிலருக்குத் தணியாது. சிறிது நேரம் அடக்க முடியும், தும்மலை அடக்குவது போல. அதைக் கண்டு ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்று பிரம்பெடுப்பது எம் ஆசிரிய உலகின் பழைய வழக்கம்! துடிப்பு வருமுன் உணர்ந்து, மாற்று அசைவால் தடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. 2012-இல் 122 பேரிடம், பெரும்பாலும் வளர்ந்தவரிடம், சோதித்தனர். பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 38 பேர் தெளிவாக நலம் கண்டனர்; ஆறுதல் உரையும் விளக்கமும் மட்டும் பெற்றோரில் 6 பேரே. எல்லாருக்கும் பலிக்கும் மந்திரமன்று. எனினும் மந்திரத்தினும் மேல்.

வளர்ந்தபின் முதன்முறையாக, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடித்தால், அது பெரும்பாலும் வேறு நோய்: முகநரம்பை இரத்தக்குழாய் அழுத்துவது. அதற்குப் போட்டுலினம் ஊசி உண்டு.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருவிக்கு அக்கரை கருநாடகம். அதன் தலைநகர் பெங்களூரில், 1954-இல் எழுந்த அனைத்திந்திய மனநல நிறுவனம் 1974-இல் நிம்ஹான்ஸ் ஆகி, நரம்பு நோய்க்கும் இடம் தருகிறது. அங்கெல்லாம் தாயின் பிழையை எவரும் கேட்பதில்லை. எந்த வயதில் தொடங்கியது, ஒரு பக்கமா இரு பக்கமா, மகன் வேறு மருந்து ஏதும் உண்கிறானா என்பனவே கேள்விகள்.