ஸ்பிரிட் அடுப்பு (மலையேற்றம்)

ஸ்பிரிட் அடுப்பு என்பது எத்தனால் அல்லது மெத்தனால் ஊற்றி எரிக்கும் கையடக்கமான சமையல் அடுப்பு. முதுகுப்பையோடு பல நாள் நடப்பவர்களும் கூடாரமடித்துத் தங்குபவர்களும் இதைக் கொண்டுசெல்கிறார்கள். பம்ப், குழாய், வால்வு எதுவும் இதில் கிடையாது. பள்ளி ஆய்வகத்துச் சாராய விளக்கைத் திரி இல்லாமல் நினைத்துப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். உறுப்புகள் குறைவு என்பதால் பழுதாக வழியில்லை, சத்தமும் இல்லை. ஆனால் பற்றவைத்த பிறகு தீயைத் திருகி அணைக்கவும் முடியாது. எந்த அடுப்பை வாங்குவது, எங்கே கொண்டுபோவது, எங்கே விட்டுவிட்டுப் போவது என்ற கேள்விகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எரியும் விதம்

இவ்வகையில் மிகவும் பெயர்பெற்றது சுவீடனின் டிராங்கியா. நாட்டின் நடுப்பகுதியில் யெம்ட்லாந்து வட்டாரத்தில் உள்ள டிராங்ஸ்விகன் என்ற சிற்றூரில் 1925-இல் தொடங்கிய நிறுவனம் இது. ஊர்ப்பெயரே நிறுவனத்தின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பித்தளை பர்னர் உள்ளங்கையில் அடங்கும்; எடை சுமார் 110 கிராம். இரட்டைச் சுவர் கொண்ட கிண்ணம், விளிம்பைச் சுற்றி நுண்துளைகள், அவ்வளவுதான். ஸ்பிரிட்டை ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினால் முதலில் கிண்ணத்தின் நடுவில் மட்டும் மெல்லிய நீலச் சுடர் அலையும். அரை நிமிடம் கழித்துப் பித்தளை சூடேறி, இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள ஸ்பிரிட் கொதிக்கத் தொடங்குகிறது. எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ்தான். ஆவி துளைகள் வழியே வெளியேறித் தீப்பிடித்ததும் விளிம்பு முழுவதும் சுடர் வளையம் எழுகிறது. பாத்திரத்தை வைக்க வேண்டியது அப்போதுதான். ஒருமுறை நிரப்பினால் ஏறத்தாழ 25 நிமிடம் எரியும்.

காற்றுமறைப்பு

புதிதாக வாங்குபவர்கள் பர்னரைத்தான் ஆராய்கிறார்கள். உண்மையில் எரிபொருள் செலவைத் தீர்மானிப்பது பர்னரைச் சுற்றியிருக்கும் காற்றுமறைப்பும் மேலே இருக்கும் பாத்திரமும்தான். கணக்குப் போட்டால் இது தெரியும். 20 டிகிரியில் உள்ள அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 167 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். வெப்பம் முழுவதும் தண்ணீருக்கே போய்ச்சேர்ந்தால் 8 மில்லி எத்தனால் போதும். பாதி வீணானால் 16 மில்லி. மறைப்பில்லாமல் திறந்தவெளிக் காற்றில் வைத்தால் 30 மில்லி தீர்ந்தும் தண்ணீர் கொதிக்காமல் போகலாம்.

டிராங்கியா 1951-இல் கொண்டுவந்த புயல் அடுப்பு இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தது. அலுமினியத்தால் ஆன இரண்டு அடுக்கு மறைப்பு. பாத்திரம் அதற்குள்ளேயே இறங்கி உட்காரும். கீழ்மறைப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் துளைகள் உண்டு. அந்தப் பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைத்தால் காற்று உள்ளே புகுந்து தீயை வளர்க்கிறது. காற்றடித்தால் இன்னும் நன்றாக எரியும் அடுப்பு இது. முக்கால் நூற்றாண்டாக அடிப்படை வடிவம் மாறாமல் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 27 எண் கொண்டது ஓரிருவருக்கும், 25 எண் கொண்டது மூன்று நான்கு பேருக்கும் ஏற்றது. குறை எடைதான். பாத்திரங்களோடு சேர்த்தால் சிறிய தொகுப்பே முக்கால் கிலோவை நெருங்கும்.

டப்பா அடுப்புகள்

அமெரிக்காவின் நெடும்பாதைகளில் நடப்பவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையில் மாதக்கணக்கில் நடப்பவருக்கு ஒவ்வொரு கிராமும் சுமை. காலியான குளிர்பான டப்பாக்களை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, ஊசியால் துளையிட்டு 15 கிராமுக்கும் குறைவான அடுப்புகளைச் செய்தார்கள். நெடுநடையாளர் ஆண்ட்ரூ ஸ்கர்க்கா பரவலாக்கிய முறை இதைவிட எளியது: 85 கிராம் பூனை உணவு அடைத்துவரும் சிறு டப்பாவின் பக்கங்களில் காகிதம் துளைக்கும் கருவியால் இரண்டு வரிசைத் துளைகள். பாத்திரம் நேராக அதன்மேல் உட்காரும், தனித் தாங்கி வேண்டாம். பாத்திரம் டப்பாவின் வாயை மூடியதும் சுடர் துளைகள் வழியே வர வேண்டும் என்பதால், முதலில் உள்ளிருக்கும் ஸ்பிரிட் சூடேறும் வரை அரை நிமிடம் பொறுத்துத்தான் பாத்திரத்தை வைக்க வேண்டும்.

இவற்றோடு தடித்த அலுமினியத் தாளை மடித்து மறைப்பாக வைத்துக்கொள்வார்கள். கேஸ் அடுப்பைச் சுற்றி இப்படி நெருக்கமாக மறைத்தால் உருளை சூடேறி வெடிக்கக்கூடும். ஸ்பிரிட் அடுப்பில் அந்த அபாயம் இல்லை. டப்பா அடுப்பு வெந்நீர் வைக்கத்தான். சோறு வடிக்கவோ பருப்பு வேகவைக்கவோ தீயைக் குறைக்க வேண்டும். அதற்கு நகரும் மூடி கொண்ட டிராங்கியாவின் தணிப்பு வளையம்போல ஒன்று அவசியம்.

எப்போது லாபம்

எத்தனாலின் வெப்ப ஆற்றல் கிலோவுக்குச் சுமார் 27 மெகா ஜூல், மெத்தனாலுக்கு 20, பியூட்டேன், புரொப்பேன் வாயுக்களுக்கு ஏறக்குறைய 46. பெருந்தொலைவுக்கு எரிபொருளைச் சுமப்பதில் கேஸ்தான் வெல்லும். ஆனால் 100 கிராம் கேஸ் அடைத்த உருளையின் வெற்று உலோகமே இன்னொரு 100 கிராம் இருக்கும். மீதம் எவ்வளவு என்பதும் கண்ணுக்குத் தெரியாது. தனியாகப் போய் நாளுக்கு இருமுறை வெந்நீர் வைப்பவருக்கு ஐந்து நாளைக்கு 200 மில்லிக்குள் ஸ்பிரிட் போதும். அதைச் சாதாரண பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றிக்கொண்டு போகலாம். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கடைத்தெரு வரும் பாதையில் ஓரிருவர் நடந்தால் ஸ்பிரிட்டையே தேர்ந்தெடுக்கலாம். கூட்டமாகப் போனாலோ, பனியை உருக்கிக் குடிக்க வேண்டியிருந்தாலோ, அவசரம் இருந்தாலோ கேஸ் அடுப்பே சரி. கேஸ் மூன்று நான்கு நிமிடத்தில் கொதிக்கவைக்கும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு டிராங்கியா எட்டிலிருந்து பத்து நிமிடம் எடுக்கும். உறைகுளிரில் ஸ்பிரிட் எளிதில் பற்றாது. குப்பியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்வது வழக்கம்.

எரிபொருள்

சுவீடனில் டி-ரோட், பிரிட்டனில் ஊதாநிற மெத்திலேட்டட் ஸ்பிரிட், இத்தாலியில் இளஞ்சிவப்பு நிற எத்தனால் என்று நாட்டுக்கு நாடு பெயரும் நிறமும் மாறும். அமெரிக்காவில் கார் எரிபொருளில் கலக்கும் ஹீட் என்ற திரவத்தின் மஞ்சள் குப்பியை வாங்குவார்கள், அது மெத்தனால். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பாத்திரம் முழுக்கக் கரியேற்றும். எத்தனாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் கரி குறையும்.

மெத்தனாலைத் தவிர்ப்பது நல்லது. குடித்தால் மட்டும் அல்ல, தோல் வழியாகவும் ஆவியாகவும் உடலுக்குள் போகும். பார்வை நரம்பைத் தாக்கும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அது எத்தனை உயிர்களைக் குடித்தது என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். இயல்பு நீக்கிய சாராயத்தையும் மெத்தனாலையும் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1959 முதல் தனி விதிகள் உண்டு. நினைத்த கடையில் நினைத்த அளவு வாங்கலாம் என்று எண்ணி இங்கே பயணம் திட்டமிடக் கூடாது.

தீ

பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான விபத்துகள், அணைந்துவிட்டது என்று நம்பி மறுபடி ஊற்றும்போது நடப்பவை. மிச்சமிருக்கும் சுடர் குப்பியின் வாய்க்குத் தாவி, உள்ளிருக்கும் ஆவியோடு பீறிட்டு எதிரே இருப்பவர் மேல் பாயும். பர்னரை விரலால் தொட்டுப் பார்க்கும் அளவு ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். அதுவும் பெரிய குப்பியிலிருந்து நேரடியாக ஊற்றாமல், சிறு அளவுக் குவளையிலிருந்து. அணைக்க மூடி போட்டு மூடலாம். திருகுமூடியைச் சூட்டோடு மூடினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் உருகிவிடும். சிந்திய ஸ்பிரிட் பற்றிக்கொண்டால் தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம்; பெட்ரோல்போல் மிதக்காமல் தண்ணீரில் கரைந்து நீர்த்து அணையும். கூடாரத்துக்குள் சமைத்தால் தீ மட்டும் அல்ல, கார்பன் மோனாக்சைடும் கொல்லும்.

காய்ந்த புல்லில் கவிழ்ந்த அடுப்பை எந்தக் குமிழும் நிறுத்தாது. அதனால்தான் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீக் காலக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் வால்வு உள்ள அடுப்புகளை மட்டுமே அனுமதிக்கின்றன. அந்நாட்டுச் சாரணர் அமைப்பு கையால் செய்த ஸ்பிரிட் டப்பா அடுப்புகளைத் தடை செய்திருக்கிறது. தமிழ்நாட்டின் காப்புக்காடுகளில் தீ மூட்டுவதே குற்றம்; 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து கொன்ற பிறகு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அனுமதி பெற்ற முகாம்களிலும் அடுப்புக்குத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

விமானத்தில் ஸ்பிரிட்டை எடுத்துச்செல்ல முடியாது. அடுப்பைக் கழுவி, வாடை போகும்வரை உலர்த்தி, பெட்டியில் வைக்கலாம்; பயன்படுத்திய அடுப்பையே ஏற்காத விமான நிறுவனங்களும் உள்ளதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.